நுவல்வோனும் நுவலும் திறனும்: அறிவியல், பொறியியல் விரிவுரையாளர் பயிற்சி

தொடக்கப் பள்ளியில் எழுத்தறிவிப்பார் ஆசிரியப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதி. பல்கலைக்கழகத்தில் இயற்பியலோ பொறியியலோ கற்பிக்க வருவாரிடம் துறையறிவும் ஆராய்ச்சிப் பட்டமுமே முதற்கண் நாடப்படுகின்றன. கற்றார் எல்லாரும் கற்பிக்கவும் வல்லார் என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற்கூற்று என ஐந்து பொருள்களை வகுக்கின்றது. நுவல்வோன் இலக்கணத்தை விரித்துரைத்த பின்னரும் நுவலும் திறனைத் தனியே வைத்தமை கருதத்தக்கது. புலமை வேறு, அதனைப் பிறர் கொள்ளுமாறு உரைத்தல் வேறு என்பது இப்பகுப்பால் பெறப்படும். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் கல்வியில் காற்பங்கே கைவரும். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், தான் பிறர்க்கு விளங்க உரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது கோடற்கூற்றில் அவர் தரும் கணக்கு. இதனை அளந்து கண்ட முடிபு எனல் ஆகாது. கற்பித்துப் பழகியோர் கண்ட உண்மை எனலாம்.

அளந்து காணும் முயற்சி நம் காலத்தில் இயற்பியலாரிடமே வலுப்பெற்றது. 1992இல் எசுத்தெனீசு முதலியோர் விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்கும் வினாத்தொகுதி ஒன்றை வெளியிட்டனர். மேல்நோக்கி எறிந்த பந்து கையை விட்டகன்றபின், காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், அதன்மேல் செயற்படுவது புவியீர்ப்பு ஒன்றே. ஆயினும் எறிந்த கையின் விசை பந்தோடு மேலே செல்வதாகவே மாணவர் பலர் கருதுகின்றனர். சமன்பாடுகளைப் பிழையின்றிப் போடுவாரிடத்தும் இக்கருத்து நிலைத்திருத்தல் காணப்பட்டது. துறைவல்லார்க்கு இவ்விடர்ப்பாடு எளிதில் புலப்படுவதில்லை. நெடுங்காலப் பயிற்சியால் அவர்க்கு அஃது இயல்பறிவு ஆகிவிட்டது. எனவே, புலமை மிகுதியே சில வேளைகளில் கற்பித்தற்குத் தடையாகின்றது.

2001இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான கார்ல் வீமன் இவ்வுண்மையைப் பயிற்சித் திட்டமாக்கினார். அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் 2006இலும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 2007இலும் அது தொடங்கிற்று. பொதுவான கற்பித்தற் கலையை ஓரிரு நாள் உரையால் புகட்டுவது அதன் நெறியன்று. துறையறிவும் கற்பித்தல் ஆராய்ச்சிப் பயிற்சியும் ஒருங்குடைய இளம் அறிஞர்கள் துறைதோறும் அமர்த்தப்பட்டு, விரிவுரையாளரோடு உடனிருந்து பாடத்தை மாற்றியமைத்தனர். மாணவர் எதனைக் கற்றல் வேண்டும், எதனை உண்மையில் கற்கின்றனர், எம்முறையால் அது மேம்படும் என்னும் மூன்று வினாக்களே அவர்க்கு வழிகாட்டின.

அப்பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்து 2011இல் வெளியிடப்பட்ட சோதனை ஒன்று பலராலும் அறியப்பட்டது. பொறியியல் முதலாண்டு மாணவர் இரு பெரும் பிரிவினர்க்கு ஒரு வாரம் மின்காந்த அலைகள் கற்பிக்கப்பட்டன. ஒரு பிரிவிற்கு நற்பெயர் பெற்ற பேராசிரியர் விரிவுரையாற்றினார். மற்றதற்கு, அனுபவம் குறைந்த, ஆனால் இம்முறையில் பயிற்சி பெற்ற இளைஞர் கற்பித்தார். மாணவர் முன்னரே படித்து வந்து, வகுப்பில் வினாக்களுக்கு விடை தேர்ந்து, சிறு குழுக்களாக உசாவி, ஆசிரியரிடம் திருத்தம் பெற்றனர். பின்னர் நடந்த தேர்வில் முதற்பிரிவு பெற்ற சராசரி 41 விழுக்காடு. இரண்டாவது பெற்றது 74. ஒரு வாரச் சோதனை கொண்டு முடிபு கூறுதல் தகாது எனலாம். ஆயின், 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய பிரீமன் முதலியோரும், விரிவுரை வகுப்புகளில் தோல்வியுற்றோர் ஏறத்தாழ 34 விழுக்காடு எனவும், மாணவர் செயற்படும் வகுப்புகளில் 22 எனவும் கண்டனர்.

நூற்றுக்குப் பன்னிருவர் என்பது வெறும் எண்ணன்று; பட்டம் பெறாது திரும்பும் இளைஞரும், அவர்க்காகக் கடன்பட்ட பெற்றோரும் அதனுள் அடங்குவர்.

தொழில்நுட்ப ஆசிரியர்க்கெனச் சென்னைத் தரமணியில் 1964இலேயே பயிற்சி நிறுவனம் எழுந்தது. ஆதலின் தேவையை நாடு உணராதிருந்தது எனல் பொருந்தாது. குறை வேறிடத்தில் உள்ளது. பயிற்சி பெற்று மீளும் விரிவுரையாளர் தம் துறையில் தனித்து நிற்பின், பாடத்திட்டமும் தேர்வுமுறையும் அவரைப் பழைய நெறிக்கே ஈர்க்கும். வினாத்தாள் மனப்பாடத்தையே வேண்டும்போது வகுப்பில் உசாவலுக்கு இடம் ஏது? பதவி உயர்விற்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளே கணக்கிடப்படின், பாடத்தைத் திருத்தச் செலவிடும் காலம் வீண் எனத் தோன்றும். ஆகவே தனியொருவர்க்குப் பயிற்சி அளித்தல் மட்டும் போதாது. துறை முழுதும் ஒருங்கே மாறுதல் வேண்டும். வீமன் துறையையே அலகாகக் கொண்டமைக்குக் காரணம் இதுவே.

இலக்கியம் கற்பிக்கும் நமக்கும் இது புறம்பன்று. நன்னூலைப் பாடமாக வைத்திருக்கும் நாம், அதன் கோடற்கூற்றையும் ஒரு மணி நேர விரிவுரையாகவே நிகழ்த்தி முடிக்கின்றோம். மாணவர் தாமே பிறர்க்கு உரைக்கும் அரைப்பங்கிற்கு நம் வகுப்பிலும் இடம் தருதல் கடன்.