பேத்தி மலைக்குப் போனாள்

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காபி முடிந்ததும் என் பேத்தி ஒரு தாளை நீட்டினாள். "தாத்தா, ஜூன்ல பதினெட்டு நாள் ஃபீல்டு கோர்ஸ். ஸ்பிதி பள்ளத்தாக்கு. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு பார்த்துச் சொல்லுங்க."

அவள் இங்கே தில்லியில் பி.எஸ்ஸி. ஜியாலஜி படிக்கிறாள். சமையலறையிலிருந்து என் மகளின் குரல் வந்தது: "அவ்வளவு உயரத்துக்கு எதுக்கு? இங்கே ஆரவல்லியிலே கல்லே இல்லையா?"

கல் இருக்கிறது. ஆனால் இமயம் எழும்புவதற்கு முன் அங்கே டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த பாறைகள் ஸ்பிதியில் அடுக்கடுக்காக, புத்தகத்தைப் பிரித்து வைத்ததுபோல் தெரிகின்றன. சுருள் சங்கு போன்ற அம்மோனைட் கடலுயிரியின் படிவங்கள் மலைமேல் கிடைக்கின்றன. மாணவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

ரயில்வேயில் டிப்ளமோ எஞ்சினீயராகச் சேர்ந்து, சர்வே கேம்ப்களில் கூடாரத்தில் கிடந்தவன் நான். பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். முதல் வேலை, பூட்ஸ். புது பூட்ஸோடு மலைக்குப் போனால் மூன்றாம் நாள் கால் கொப்புளித்துவிடும். ஆறு வாரம் முன்பே வாங்கிப் போட்டுப் பழகச் சொன்னேன். விடியற்காலை ஐந்து மணிக்கு, முதுகில் ஆறு கிலோ பையுடன் நடை. பிறகு நாலு மாடிப் படி ஏற்றம். நோட்டில் எழுத பேனா வேண்டாம், பென்சில்தான், நனைந்தாலும் அழியாது. கம்பளிக் காலுறை, வெயில் கண்ணாடி, தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்தன.

திசைகாட்டியில் அளக்கும்போது சுத்தியலைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் விலகும். தண்டவாளக் குவியல் அருகே நின்று கோணம் எடுத்து, அரை நாள் வேலையை மறுபடி செய்தவன் சொல்கிறேன்!

மே கடைசியில் அவளுக்கு இருமல் வந்தது. இரவில் உடம்பும் சுட்டது. "யார்கிட்டயும் சொல்லாதீங்க தாத்தா. பேரை வெட்டிடுவாங்க" என்றாள். எனக்குத் தூக்கி வாரிப்போட்டது.

1984-இல் ஒரு சர்வே கேம்பில் நானும் காய்ச்சலை மறைத்தேன். வேலை என் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம். நாலாம் நாள் வழியில் விழுந்தேன். இரண்டு கலாசிகள் என்னைக் கட்டிலில் வைத்து ஆறு கிலோமீட்டர் சுமந்தார்கள். அந்தக் கதையை அவளிடம் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன். என் மகளுக்கே அது தெரியாது.

ஸ்டோலிச்கா பற்றியும் சொன்னேன். ஜியாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியாவில் 1862-இல் சேர்ந்தவர். நம் அரியலூர்ப் பக்கத்துக் கடற்படிவங்களை விரிவாக எழுதியவர். ஸ்பிதியின் பாறைகளையும் ஆராய்ந்தவர். 1874-இல் யார்க்கண்டிலிருந்து காரகோரம் வழியே திரும்பும்போது முப்பத்தாறு வயதில் இறந்தார். மலை உயரம் தந்த நோய் என்றே இன்று கருதுகிறார்கள். லே நகரில் கல்லறை இருக்கிறது.

காஜா ஊர் சுமார் 3,650 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தலைவலி, வாந்தி வந்தால் மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, ஓய்வாக இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். மறைத்தால், கூட வருபவர்களுக்கும் ஆபத்து.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தானே பேராசிரியருக்கு ஃபோன் செய்தாள். அவர் பெயரை வெட்டவில்லை. டாக்டரிடம் காட்டி, குணமானதாகச் சான்று வாங்கி வரச் சொன்னார். பத்து நாளில் சான்று கிடைத்தது.

சிம்லா, கின்னௌர் வழியே படிப்படியாக ஏறினார்கள். தாபோவில் அவளுக்குத் தலைவலி. அன்றே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்களாம்! ஒரு நாள் கூடுதலாகத் தங்கிப் போனார்கள்.

காஜாவிலிருந்து ஃபோன் வந்தது. "தாத்தா, அம்மோனைட் பார்த்தேன். எடுக்கலை, படம் மட்டும்தான்."

ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிப் பேசிய மகள் கடைசியில் கேட்டாள்: "அடுத்த வருஷம் எங்கேடி கூட்டிட்டுப் போறாங்க?"