தூங்கா நகரமும் மூளைக்குள் ஓடும் கடிகாரமும்

வைகையின் வடகரையில் உள்ள கோரிப்பாளையத்தில், அரசு இராஜாஜி மருத்துவமனையின் வார்டுகளிலும் அதையொட்டிய மருந்துக்கடைகளிலும் நள்ளிரவு கடந்தும் விளக்குகள் அணைவதில்லை. தூங்கா நகரம் என்று பெயர் பெற்ற மதுரையில் இது புதுமையும் அன்று. ஆனால் அந்த வெளிச்சத்தில் நைட் டியூட்டி பார்க்கும் செவிலியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், காவலாளி ஆகியோரின் மூளை, அவர்கள் அறியாமலே கண்ணில் விழும் ஒளியை அளந்து, இது பகலா இரவா என்று கணித்து, அதற்கேற்பத் தூக்கத்தையும் உடல் வெப்பத்தையும் சுரப்புகளையும் திருத்திக்கொண்டே இருக்கிறது. தன்னுணர்வுக்கு எட்டாமலே மூளை தகவலைக் கையாளுகிறது என்பதற்கு இந்தக் காலக்கணக்கைப் போலத் தெளிவான சான்றுகள் குறைவு. இந்தியாவில் இக்காலக்கணக்கை ஆராயும் துறை வேரூன்றிய முன்னோடி இடங்களுள் மதுரையும் ஒன்று.

குகையும் தனியறையும்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 1970-களில் தொடங்கி, பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் காலஉயிரியல் ஆய்வுகளை, அதாவது உயிர்களின் உடலுக்குள் இயங்கும் நாள்கணக்கைப் பற்றிய ஆய்வுகளை, மேற்கொண்டனர். 1981-இல் வெளிவந்த அவர்களது ஆய்வு ஒன்றில், வௌவால் கூட்டம் வாழும் இருண்ட குகைக்குள் கூண்டில் அடைக்கப்பட்ட ஒரு வௌவால், சூரிய ஒளியையே காணாதிருந்தும், கூட்டம் நாள்தோறும் வெளியேறித் திரும்பும் நேரத்தோடு தன் சுறுசுறுப்பையும் ஒத்திசைத்துக்கொண்டது. வௌவால்களே இல்லாத குகையில் அடைக்கப்பட்டதோ 24 மணி நேரத்திலிருந்து சற்று விலகிய தன் சொந்தச் சுழற்சிப்படியே இயங்கியது. கடிகாரம் உயிருக்குள்ளேயே இருக்கிறது, அதன் முள்ளைத் திருத்தும் குறிப்பு மட்டுமே வெளியிலிருந்து வருகிறது என்பது இதனால் புலனாயிற்று.

அதே குழுவினர், கடிகாரமும் பகல் வெளிச்சமும் மனிதத் தொடர்பும் எட்டாத தனியறையில் தன்னார்வலர்களைத் தங்கவைத்தும் ஆராய்ந்தனர். அவ்வாறு தங்கிய ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி, அவருடைய தூக்க-விழிப்புச் சுழற்சியோடு பிணைக்கப்பட்டதன்று என்று 1991-இல் அவர்கள் எழுதியதிலிருந்து, உடல் ஒன்றுக்கு மேற்பட்ட காலக்கணக்குகளை ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடும் என்பதும் தெரியவந்தது.

உணர்ந்து எண்ணும் காலமும் உணராமல் ஓடும் காலமும் வேறுவேறு என்பதைப் பிரெஞ்சு நிலவியலாளர் மிஷேல் சிஃப்ரின் சோதனை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 1962 ஜூலையில் ஆல்ப்ஸ் மலையின் நிலத்தடிக் குகை ஒன்றுக்குள் கடிகாரமின்றி இறங்கிய அவர், செப்டம்பர் 14 அன்று வெளியே அழைக்கப்பட்டபோது, அன்றைய தேதி ஆகஸ்ட் 20 என்றே நம்பிக்கொண்டிருந்தார். மனக்கணக்கில் 25 நாட்கள் காணாமற்போயிருந்தன. ஆனால் உறங்கும்போதும் விழிக்கும்போதும் அவர் தொலைபேசியில் சொல்லிய நேரங்களைக் குறித்துவைத்தவர்களின் பதிவேட்டில், அவருடைய உடல் சுமார் இருபத்து நான்கரை மணி நேரச் சுழற்சியைப் பிசகாமல் காத்துவந்தது தெரிந்தது.

பார்க்காமலே ஒளியை அறியும் கண்

இக்கடிகாரத்தின் தலைமை நிலையம் ஹைப்போதலாமஸ் என்னும் மூளையடிப் பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு திரளாக அமைந்துள்ளது. எலிகளில் இத்திரளைச் சிதைத்தால் நாட்சுழற்சி குலைகிறது என்பதை 1972-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இதற்கு ஒளிச்செய்தியைக் கொண்டுவருபவை, உருவங்களைக் காண உதவும் வழக்கமான ஒளியுணர் செல்கள் மட்டுமல்ல. மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்டு, குறிப்பாக நீலநிற ஒளிக்குத் தாமாகவே வினைபுரியும் ஒருவகை விழித்திரை நரம்புச் செல்களும் உண்டு என்பது 2002-இல் உறுதிப்பட்டது.

இதன் விளைவு வியப்புக்குரியது. பார்வை முற்றிலும் இழந்து, வெளிச்சம் இருப்பதைக்கூட உணர இயலாத சிலருக்குப் பிரகாசமான ஒளி காட்டப்பட்டபோது, இரவில் சுரக்கும் மெலடோனின் அவர்கள் உடலில் குறைந்ததை 1995-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் சைஸ்லரின் குழு வெளியிட்டது. அவர்கள் எதையும் காணவில்லை. ஆயினும் அவர்களது மூளை ஒளியைப் பெற்றுக்கொண்டது. இதில் மாயமும் இல்லை, ‘ஆழ்மன சக்தி’ என்று விற்கப்படுவதும் இல்லை. செல்லும் நரம்பும் சுரப்பும் செய்யும் பணியே உள்ளது.

நைட் டியூட்டிக்கு ஒரு கணக்கு

உணர்வுக்கு எட்டாத இக்கணக்கை மன உறுதியால் மாற்ற முடியாது. இரவு முழுவதும் விழித்திருப்பவர் பழகிவிட்டதாகவே கருதினாலும், காலையில் வீடு திரும்பும் வழியில் கண்ணில் படும் வெயில், பகல் தொடங்கிவிட்டது என்றே அவருடைய மூளைக்குச் சொல்கிறது. ஆகவே பகல் தூக்கம் குறுகியதாகவும் துண்டுபட்டதாகவும் அமைகிறது. உடலின் நாட்கணக்கைக் குலைக்கும் இரவுப் பணிமுறையை, புற்றுநோயைத் தோற்றுவிக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலேயே சேர்த்தது.

மனிதக் கடிகாரத்தின் இயல்பான சுழற்சி சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக இருப்பதால், நேரத்தைப் பின்தள்ளுவது அதற்கு எளிது, முன்னிழுப்பது கடினம். எனவே காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்ட்டை மாற்றுவது தலைகீழ் வரிசையைவிட உடலுக்கு இசைவானது; பகலில் உறங்கும் அறையை முற்றிலும் இருட்டாக்குவதும், படுக்கைக்குப் போகுமுன் கைப்பேசியை விலக்குவதும் பயன் தரும். மருத்துவமனைகளும் காவல்துறையும் போக்குவரத்துக் கழகங்களும் பணி அட்டவணை போடும்போது, ஆள் எண்ணிக்கையோடு இந்தக் கடிகாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.