சட்டை முதுகில் கடைப் பெயர்

கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று கடைப் பெயரை எழுதி வைப்பது நம் வணிகர்களுக்குப் பழகிய காரியம். வெளிச்சத்தைவிட எழுத்து அதிகம் என்று கேலி பேசுவோரும் உண்டு. இங்கிலாந்து வியாபாரிகள் இதையே சைக்கிள் பந்தய வீரர்களின் சட்டையில் செய்தார்கள்.

அதில் நம் மளிகைச் சரக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1958 முதல் 1993 வரை அந்நாட்டின் பெரிய சாலைப் பந்தயத்துக்குப் பெயரே ‘மில்க் ரேஸ்’. செலவு பால் விற்பனை வாரியத்துடையது. வாழைப்பழ வியாபாரத்தார் பணத்தில் ‘ராலே-பனானா’ என்றே ஓர் அணி ஓடியது.

மலைச் சைக்கிள் பந்தயம் வந்தது 1980-களில். தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், ஏகப்பட்ட கியர் கொண்ட வண்டி அது; பிறந்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. லண்டனில் 1982-ல் தொடங்கிய மடி ஃபாக்ஸ் நிறுவனம் நரியின் காலடித் தடத்தை முத்திரையாக வைத்து அதை இங்கிலாந்தில் பரப்பியது. ஆரம்பத்தில் பெரிய பணம் கிடையாது. கடைக்காரர் வண்டியை அடக்க விலைக்குக் கொடுப்பார். மொத்த வியாபாரி டயரும் செயினும் தருவார். வீரர் அவர்கள் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு சேற்றில் புரள்வார். சேறு பெயரை மறைத்துவிட்டால் உபயதாரருக்கு நஷ்டம்தான்!

அந்தக் காலத்து வீரர் டிம் கூல்ட். வேல்ஸ் நாட்டு லான்வர்ட்டிட் வெல்ஸ் என்ற சிற்றூரில், மதுக்கடையில் எழுந்த ஒரு வாதத்தால் 1980-ல் மனிதனுக்கும் குதிரைக்கும் ஓட்டப் பந்தயம் தொடங்கியது. 1985-ல் சைக்கிளையும் சேர்த்தார்கள். 1989-ல் கூல்ட் முதல் குதிரையை மூன்று நிமிடத்தில் முந்தினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் உலகப் போட்டியில் வெண்கலமும் வாங்கினார்.

பிறகு பெரிய பணம் வந்தது. 1991-ல் தொடங்கிய உலகக் கோப்பைத் தொடருக்கு ஜெர்மனியின் ரேடியோ, டி.வி. கம்பெனி க்ருண்டிக்கின் பெயரே வைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அந்தப் பெயர் போய்விட்டது; 2003-ல் கம்பெனியே திவாலானது. சாலைப் பந்தயத்தில் இதைவிட மோசமாக நடந்திருக்கிறது. 1987-ல் ஏ.என்.சி. என்ற பார்சல் கம்பெனியின் அணி டூர் டி பிரான்ஸ் பந்தயத்துக்குப் போனது. பந்தயம் முடிவதற்குள் பணம் தீர்ந்தது. மலையேறி உழைத்தவர்களுக்குச் சம்பளம் வரவில்லை. கூலி பாக்கி வைத்துவிட்டு விளம்பரம் தேடுவதை நம் கடைத் தெருவில் யாரும் வியாபாரம் என்று சொல்லமாட்டார்கள். நம் கருத்தில், நாலு டயர் தருகிறேன் என்று சொல்லி நாலும் தந்த கடைக்காரர் இவர்களைவிடப் பெரிய உபயதாரர்.

ராலே விஷயம்தான் நமக்கு வருத்தம். நம் ஊர் ஹெர்குலிஸ் சைக்கிளைச் செய்த அம்பத்தூர் டி.ஐ. நிறுவனத்தில் கூட்டாளியாக இருந்த இங்கிலாந்துக் கம்பெனிதான் 1960-ல் ராலேயைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1990-களில் ராலேயும் மலைச் சைக்கிள் அணி நடத்தியது. 2002-ல் நாட்டிங்ஹாம் தொழிற்சாலையில் சைக்கிள் உற்பத்தியே நின்றது.

அந்த நாளைய வண்டிகளையும் சட்டைகளையும் தேடி வாங்குகிற ஆட்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். ஸ்டிக்கர் உரியாமல், கடைப் பெயர் அழியாமல் இருந்தால் கூடுதல் விலை.