'நைஸ்' என்ற சொல் புளித்த கதை

ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் இட்லி. மறுநாள் தோசை. மூன்றாம் நாள் புளிப்பு ஏறியதும் வெங்காயம், பச்சைமிளகாய் தூவி ஊத்தப்பம். மாவு அதேதான், உள்ளே ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. சொல்லின் பொருள் மாறுவதும் இப்படித்தான். ஆங்கிலத்தின் 'நைஸ்' எப்படிப் புளித்தது என்று பார்ப்போம்.

அரைத்த அன்று அது லத்தீன்: 'நெஸ்கியுஸ்', அதாவது ஒன்றும் அறியாதவன். ('சயின்ஸ்' பிறந்ததும் இதே 'அறிதல்' வேரில்தான் என்பது வேடிக்கை.) பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலாந்து வந்தபோது ஒருவரை நைஸ் என்றால் சண்டைக்கு வந்திருப்பார். அசடு என்று பொருள்.

பிறகு? இரண்டு பொருளும் பொருந்துகிற வாக்கியங்களில்தான் புளிப்பு ஏறும். அசடு கூச்சப்படும்; கூச்சக்காரனும் நைஸ் ஆனான். கூச்சக்காரன் எதையும் சட்டென்று தொடமாட்டான். குற்றம் குறை பார்ப்பவனும் நைஸ். அவன் பார்வை துல்லியமாக இருக்கும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் துல்லியமும் நுணுக்கமும் நைஸ். அப்படிப்பட்டவனே ஒப்புக்கொண்ட பண்டம் மோசமாகவா இருக்கும்? 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் 'இனியது' வந்துவிட்டது. சொன்னவர் ஒன்றை நினைக்க, கேட்டவர் பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். நடுவில் சில நூற்றாண்டுகள் எல்லாப் பொருளும் கலந்துகிடந்தன. அக்கால எழுத்தாளர் எதை நினைத்து எழுதினார் என்று அகராதிக்காரர்களே திணறுகிறார்கள்.

முணுமுணுப்பும் இருந்தது. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' 1817 டிசம்பரில் வெளிவந்தது. அதில் கேத்தரின் ஒரு நாவலை நைஸ் என்று சொல்ல, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று ஹென்றி டில்னி கிண்டலடிக்கிறான். கண்டதற்கெல்லாம் நைஸ் சொல்கிறார்களே என்பது அவன் புகார். நியாயம்தான். ஆனாலும் ஜெயித்தது கேத்தரின்.

பழைய பொருள் முழுசாகப் போய்விடவில்லை. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் இன்றும் நுணுக்கமான வேறுபாடுதான். சட்னிக்குத் தேங்காயை "நைஸா அரை" என்று நாம் சொல்வதும் அந்த நுண்மைக்குத்தான் நெருக்கம். "நைஸா நழுவிட்டான்" மட்டும் நம்மூர்ச் சரக்கு. லண்டனில் சொன்னால் விழிப்பார்கள்.