குருவின்றிக் காத்த ஜெபம்

2020-ஆம் ஆண்டில் நோய்ப்பரவலால் ஆலயங்கள் அடைபட்டபோது, எங்கள் இல்லத்தில் தந்தையார் வேதம் வாசிப்பார்; பாட்டியார் ஜெபிப்பார். சில மாதங்களே நீடித்த அவ்வீட்டாராதனை பள்ளிச் சிறுவனாகிய எனக்குப் பெருங்குறையாகத் தோன்றிற்று. இருநூறாண்டுக்கு மேல் அவ்வண்ணமே வாழ்ந்தோர் உளர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஜப்பான் தேசத்தில் 1614-இல் கிறிஸ்து மார்க்கம் முற்றும் தடைசெய்யப்பட்டது. நாளடைவில் குருமார் ஒருவரும் இலராயினர். நாகசாகியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தீவுகளிலும் விசுவாசிகள் வெளியே பௌத்தராய் ஒழுகி, வீட்டினுள்ளே ஜெபித்தனர். ஒருவர் திருநாட்களைக் கணித்துரைப்பார். மற்றொருவர் குழந்தைகட்கு ஞானஸ்நானங் கொடுப்பார். 'ஒராஷோ' எனப்பட்ட ஜெபங்களைப் பெரும்பாலும் வாய்மொழியாகவே மக்கட்குக் கற்பித்தனர். அவற்றுள் விரவிய இலத்தீன், போர்த்துக்கீசுச் சொற்கள் காலப்போக்கில் திரிந்து, ஓதுவார்க்கே பொருள் விளங்காதவையாயின. மொழிநூல் பயில்வார்க்குச் சொற்றிரிபு வியப்பன்று. பொருள் போயும் ஓசையை விடாது பற்றிய உறுதியை என்னென்பது!

ஒன்று மட்டும் அவர்க்கு இயலவில்லை. இடர்க்காலத்தில் ஞானஸ்நானத்தை எவரும் கொடுக்கலாம். குருவின்றி நற்கருணை இல்லை என்பது அவர்தம் சபையின் விதி. ஆதலின் தலைமுறை தலைமுறையாய் அவ்விருந்தின்றியே மடிந்தனர்.

1865-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள், நாகசாகியிற் புதிதாக எழுந்த ஓவுரா ஆலயத்திற்கு உராகாமி ஊரார் சிலர் வந்தனர். தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று பிரெஞ்சுக் குருவான பெத்தீழானிடம் மெல்லக் கூறினர். மரியாளின் சுரூபம் எங்கே என்றும் வினவினர். அதன்பின்னும் உராகாமியார் மூவாயிரவர்க்கு மேல் நாடுகடத்தப்பட்டனர். 1873-இலேயே தடை தளர்ந்தது.

குருமார் மீண்ட பின்பும் சிலர் சபையிற் சேராது, முன்னோர் கற்பித்த வீட்டு ஜெபத்திலேயே நிலைத்துவிட்டனர். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.