வலி போன பிறகும் ஒரு எக்ஸ்ரே

ரூட் கேனால் முடிந்து கேப்பும் போட்டாயிற்று. அந்தப் பக்கம் முறுக்குகூடக் கடிக்க முடிகிறது. “கொஞ்ச நாள் கழித்து வந்து ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று டாக்டர் சொன்னது இந்த நேரத்தில் பலருக்கும் மறந்துபோகிறது. வலிதான் இல்லையே, எதற்கு வீண்செலவு?

வலி இல்லாததை நம்பியே பலர் பல்லை இழக்கிறார்கள். ரூட் கேனாலில் பல்லுக்குள் இருக்கும் நரம்பையும் ரத்தக்குழாயையும் எடுத்துவிடுகிறார்கள். அதன்பின் அந்தப் பல்லுக்குச் சூடும் தெரியாது, குளிர்ச்சியும் தெரியாது. கேப்புக்கு அடியில் புதிதாகச் சொத்தை விழுந்தாலும் கூசாது. வேர் நுனியில் கிருமி மிஞ்சியிருந்தால் சுற்றியுள்ள தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் வலியே காட்டாமல் நடக்கும். ஈறில் கொப்புளம் கிளம்பிச் சீழ் வடியும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

எக்ஸ்ரே படத்தில், வேருக்குள் அடைத்த கட்டா பெர்ச்சா என்ற அடைப்புப் பொருள் வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும். வேர் நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் அந்தக் கோடு முடிந்திருப்பது நல்லது. அதற்கு முன்பே நின்றுவிட்டால் கீழே அடைபடாத இடம் இருக்கிறது என்று பொருள். நுனியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலும் கவனிக்க வேண்டும். வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிவது, பெரும்பாலும் எலும்பு கரைந்த இடம்.

சிகிச்சை முடிந்த அன்று எடுக்கும் படத்திலும் இந்தக் கறுப்பு இருக்கலாம். எலும்பு ஒரே நாளில் வளர்ந்துவிடாதே! அது சுருங்குகிறதா, பெருகுகிறதா என்பதை அடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். வேர் சிகிச்சைக்கான ஐரோப்பியச் சங்கம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்தது ஒரு வருடம் கழித்துப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. முழுதாக ஆறவில்லை என்றால் நான்கு வருடம் வரை கண்காணிக்கச் சொல்கிறது.

கதிர்வீச்சை நினைத்துத் தயங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1896-ல் ஜெர்மனியில் ஓட்டோ வால்க்கோஃப் தன் பற்களைப் படமெடுக்க 25 நிமிடம் கதிர்வீச்சில் இருந்தார். வேர் சிகிச்சையில் எக்ஸ்ரேயை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவரான அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ், அதே கதிர்வீச்சால் விரல்களையும் பிறகு கையையும் இழந்தார். இன்றைக்கு டிஜிட்டல் கருவியில் ஒரு பல்லைப் படமெடுக்க ஒரு நொடிகூட ஆவதில்லை. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரே நாளில் நம்மேல் படும் இயற்கைக் கதிர்வீச்சும் இந்தப் படத்தின் கதிர்வீச்சும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கர்ப்பிணிகள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கறுப்பு பெரிதாகிறது என்று சீக்கிரம் தெரிந்தால், பழைய அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி சுத்தம் செய்யலாம்; அல்லது சின்ன அறுவை சிகிச்சையில் வேர் நுனியை மட்டும் வெட்டிச் சீராக்கலாம். பல்லைப் பிடுங்காமலே பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சிகிச்சை முடிந்த அன்றே முதல் படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலும் போதும். ஊர் மாறி வேறு டாக்டரிடம் போனால், அவர் ஒப்பிட்டுப் பார்க்க முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.