கூரையின் மேல் ஒரு கண்

ஐப்பசி பிறக்குமுன் ஓடு மாற்றிவிட வேண்டும் என்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். ஆடிக் காற்றில் விலகிய ஓடுகளையும், பூனையும் குரங்கும் ஓடித் திரிந்ததால் உடைந்த ஓடுகளையும் களைந்து, புதியவற்றைச் செருகி, முகட்டுக்குச் சாந்து பூசி வைத்தால்தான் வடகிழக்குப் பருவமழையை வீடு தாங்கும். இன்று ஓட்டு வீடுகள் குறைந்து தளம் போட்ட வீடுகள் பெருகிவிட்டன. ஆயினும் கவலை மாறவில்லை. முதல் மழை பெய்த இரவில் படுக்கையின்மேல் சொட்டு விழுந்தால், "எங்கிருந்து ஒழுகுகிறது?" என்ற கேள்வி எழுகிறது. பொழுது விடிந்ததும் வீட்டில் யாரேனும் ஒருவர் ஏணியைச் சாத்தி மேலே ஏறுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், ஒரு குடும்பத் தலைவர் அவ்வாறுதான் ஏறினார். வீட்டின் பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேய்ந்திருந்தார்கள். பல மழைக்காலங்களைக் கண்டு பாசி படர்ந்து கறுத்திருந்த ஷீட் அது. இரண்டடி எடுத்து வைத்தார். மூன்றாவது அடியில் ஷீட் உடைந்தது. கீழே சிமெண்டுத் தரை. முதுகெலும்பில் அடிபட்ட அவர் பின்னர் எழுந்து நடமாடவேயில்லை. ஆறுதல் கூறச் சென்ற என்னிடம் அவருடைய மனைவி சொன்ன சொற்கள் இன்னும் என் செவியில் ஒலிக்கின்றன: "பழுது பார்க்கக்கூட ஏறவில்லை, சாமி. எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறேன் என்றுதான் ஏறினார்."

ஒழுக்குக்குக் காரணம் என்னவென்று பின்னர் தெரிந்தது. ஷீட்டைப் பிணைத்திருந்த கொக்கி ஆணி ஒன்றின் வாஷர் வெடித்திருந்தது. சில ரூபாய்ப் பொருள்!

பார்ப்பதற்காக ஏறியவர்கள்

கூரையில் நேரும் விபத்துகளை நாம் தலைவிதி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். மற்ற நாடுகளில் இவற்றைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2023–24ஆம் ஆண்டில் வேலை செய்யும் இடங்களில் விபத்துக்குள்ளாகி இறந்த தொழிலாளர் 138 பேர். அவர்களுள் 50 பேர் உயரத்திலிருந்து விழுந்து மாண்டவர்கள். அங்கு வேலையிட மரணங்களுக்கு முதன்மையான காரணம் இதுவே. கால் வைத்ததும் உடையும் பழைய ஷீட்டுக் கூரைகளைப் பற்றி அந்நாட்டு அரசு தனியாகவே எச்சரித்து வருகிறது. நம் நாட்டிலோ, தன் வீட்டுக் கூரையில் தானே ஏறி விழுந்தவர் வேலையிட விபத்துக் கணக்கில் சேர்வதில்லை.

வீட்டின் உயரத்திற்கு வீட்டுக்காரரே பொறுப்பு என்பது புதிய கருத்தன்று. புது வீடு கட்டுபவன் தன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும்; இல்லையெனில் அங்கிருந்து விழுபவனின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று இணைச் சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. விழுந்த பிறகு வருந்துவதினும் விழாதபடி முன்னரே தடுப்பது கடமை என்பதே அதன் கருத்து. அக்காலத்தில் அதற்குச் சுவர் ஒன்றுதான் வழி. நம் காலத்தில் வேறொரு வழியும் பிறந்திருக்கிறது. அதுவே ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தி.

திருமண வீடுகளில் படம் பிடிக்க வரும் இளைஞர்கள் தலைக்குமேல் பறக்கவிடும் அந்தக் கருவியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நான்கு விசிறிகள், ஒரு மின்கலம், காற்றில் ஆடாமல் நிற்கும் ஒரு காமிரா – இவ்வளவுதான். ஒருமுறை மின்னேற்றினால் இருபது, முப்பது நிமிடம் பறக்கும். தரையில் நிற்பவர் கையிலுள்ள திரையில், கூரையை அருகே நின்று பார்ப்பதுபோல் பார்க்கலாம்.

புயலுக்குப் பின் ஒரு பாடம்

கூரைகளைச் சோதிக்க ட்ரோன்கள் பெருமளவில் பயன்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2017 ஆகஸ்டு 25 அன்று இரவு, ‘ஹார்வி’ என்னும் கடும்புயல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ராக்போர்ட் நகரருகே கரை கடந்தது. கடற்கரையில் காற்று கூரைகளைப் பிய்த்தெறிந்தது. உள்நாட்டில் வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தது. சேதத்தை மதிப்பிட்டு இழப்பீடு வழங்க வேண்டிய காப்பீட்டு நிறுவனங்கள், முன்னாளில் மதிப்பீட்டாளர் ஒருவரை ஏணியோடு அனுப்பும். அவர் செங்குத்தான சரிவில், ஈரத்தில் வழுக்கும் கூரையில் ஏறி அளந்து எழுதுவார். அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன்தான், 2016 ஆகஸ்டில், சிறு ட்ரோன்களைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் விதிமுறைகள் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்திருந்தன. ஆதலால் புயலை அடுத்த நாட்களில் மீட்புப் பணிக்கும் சேத மதிப்பீட்டுக்குமாக நூற்றுக்கும் மேற்பட்ட தனி அனுமதிகளை அந்நாட்டு விமானத்துறை வழங்கியது. மதிப்பீட்டாளர் பலர் தரையில் நின்றபடியே கூரையைக் கண்டார்கள்.

மனிதன் நிற்கவே இயலாத கூரைக்கும் இக்கண் உதவியதை நாம் அறிவோம். 2019 ஏப்ரல் 15 அன்று மாலை பாரிசு மாநகரின் நோத்ரு தாம் பேராலயக் கூரை தீப்பற்றி எரிந்தபோது, தீ எத்திசையில் பரவுகிறது என்பதைத் தீயணைப்புப் படையினர் ட்ரோன்கள் மூலம் மேலிருந்து கண்டு, நீர்க்குழாய்களை எங்கே திருப்புவது என்று முடிவு செய்தார்கள். கூரையும் கோபுரக் கூம்பும் அழிந்தன. இரு மணிக்கூண்டுகளும் காப்பாற்றப்பட்டன. 2024 டிசம்பரில் அப்பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

நம் கடற்கரையும் புயல் அறியாததன்று. 2018 நவம்பர் 16 அன்று ‘கஜா’ புயல் வேதாரணியம் அருகே கரை கடந்தபோது, கூரையும் ஓடும் ஷீட்டும் பறந்துபோன வீடுகள் எத்தனை! அத்தகைய மறுநாட்களில், ஈரம் காயாத கூரைகளில் அவசரமாக ஏறுவதுதான் பேராபத்து.

எதைக் காணும்?

ஓட்டுக்கூரையில் விலகிய ஓடு, விரிசல் விட்ட ஓடு, சாந்து உதிர்ந்த முகடு, சுவரோடு கூரை சேரும் இடத்தில் விட்ட பிளவு ஆகியவற்றை ட்ரோன் தெளிவாகக் காட்டும். மங்களூர் ஓடு நம்மிடையே வேரூன்றி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பாசல் மிஷன் என்னும் கிறிஸ்தவ மறைப்பணிக் குழு 1865இல் மங்களூரில் அதற்கான முதல் தொழிற்சாலையை நிறுவியது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓடாகையால், ஓர் ஓடு நகர்ந்தால் அடுத்ததும் இளகும். அதனால் முதல் ஓட்டை விரைவில் கண்டுபிடிப்பதே சிக்கனம்.

உச்சிவெயிலில் எடுத்த படம் ஏமாற்றும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது எடுத்தால், சற்றே தூக்கி நிற்கும் ஓடும் தன் நிழலால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தளம் போட்ட வீடாயின், மழை விட்டு ஓரிரு மணிநேரம் கழித்துப் பறக்கவிட வேண்டும். மற்ற இடங்கள் காய்ந்திருக்க, நீர் தேங்கி நிற்கும் பள்ளங்கள் அப்போது கண்ணாடிபோல் மின்னும். வாட்டம் சரியில்லாத இடம் அதுவே. தட்டோடுகளின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றும், சருகு அடைத்த நீர்ப்போக்கியும் தப்பாமல் தென்படும்.

வெப்பத்தைப் படமெடுக்கும் தனிவகைக் காமிராவும் உண்டு. தளத்தினுள் ஊறிய நீர் பகல் வெப்பத்தை விரைவில் விடாது. ஆகவே பொழுது சாய்ந்தபின் ஈரப்பகுதி மற்ற இடங்களைவிடச் சூடாகத் தோன்றும். விலை மிகுந்த அக்காமிரா பெரிய கட்டடங்களுக்கே பொருந்தும். சிறிய வீட்டுக்குச் சாதாரணக் காமிராவே போதும்.

எதைக் காணாது?

கண் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அது மேற்பரப்பையே காணும். கைமரத்தைக் கரையான் அரித்திருந்தால், ஓட்டின் மேலிருந்து அது தெரியாது. தளத்தினுள் கம்பி துருப்பிடித்தால், துரு பழைய இரும்பைப்போல் இருமடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொண்டு சிமெண்டைப் பிளக்கும். அது பெரும்பாலும் கூரையின் அடிப்பக்கத்தில்தான் உதிரத் தொடங்கும். உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இந்நோய் அதிகம். அதனை அறிய வீட்டினுள் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கொத்தனார் ஒரு கழியால் தட்டிப் பார்த்து, ஓசை பொள்ளலாக ஒலிக்கும் இடத்தைக் குறிப்பார். அந்தச் செவி ட்ரோனுக்கு இல்லை.

மற்றொன்று: நீர் நுழைவது ஓரிடம், சொட்டுவது வேறிடம். ஓர் ஓட்டின் இடுக்கில் நுழைந்த நீர், சட்டத்தின் வழியே பல அடி ஓடி எங்கோ விழும். எனவே உள்ளே கண்ட ஈரத்தையும் மேலே கண்ட பழுதையும் இணைத்து நோக்க அனுபவமுள்ள மனிதர் வேண்டும். தொழிலாளியின் பிழைப்பை இக்கருவி பறிக்குமோ என்று அஞ்சுவோர் உண்டு. ஓட்டை மாற்ற இன்றும் மனிதர் ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் எங்கே ஏறுவது, எத்தனை ஓடு கொண்டு செல்வது, எங்கே பலகை போடுவது என்று அறிந்து, ஒரே முறை ஏறுவார். நான்கு முறை ஏறுவது ஒருமுறையாகக் குறைந்தால், ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைகிறதன்றோ?

அயலார் முற்றம்

உயரத்தில் நிற்கும் கண் நம் கூரையோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த வீட்டின் கிணற்றடியும், பெண்கள் குளிக்கும் மறைப்பும் அதில் விழும். அந்தரங்கம் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படை உரிமை என்று நம் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு இல்லாவிடினும் அயலாரிடம் நமக்குள்ள கடமை அதுவே. பறக்கவிடுமுன் அக்கம்பக்கத்தாரிடம் நாளும் நேரமும் சொல்லிவிட வேண்டும். தவறிப் பதிவான படங்களை அவர்கள் முன்னிலையிலேயே அழித்துவிட வேண்டும்.

படம் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். விமானங்களாலும் ட்ரோன்களாலும் மேலிருந்து எடுத்த கூரைப் படங்களைக் காட்டி, அமெரிக்காவில் சில காப்பீட்டு நிறுவனங்கள் வீட்டுக்காரர் அறியாமலேயே அவர்களுடைய காப்பீட்டைப் புதுப்பிக்க மறுத்ததாக 2024இல் அந்நாட்டு இதழ்கள் எழுதின. துயருற்றவருக்கு விரைந்து உதவிய அதே கண், துயர் வருமுன் அவரைக் கைவிடவும் பயன்படக்கூடும். ஆகவே உங்கள் கூரையின் படம் உங்களிடமே இருக்கட்டும்.

சட்டமும் உண்டு. இந்திய அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு உட்பட்ட கருவியை இயக்குபவருக்கு விமானிச் சான்று வேண்டியதில்லை. 2 கிலோ வரையுள்ளதற்கும், வணிக நோக்கமின்றி இயக்கினால் வேண்டியதில்லை. கூலிக்கு இயக்குபவருக்கு வேண்டும். வான்வெளி வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மண்டலங்கள் குறிக்கப்பட்டுள்ளன. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. விமான நிலையத்தின் அருகே குடியிருப்போர் இதனை மறக்கலாகாது.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

ஒவ்வொரு வீட்டாரும் ட்ரோன் வாங்க வேண்டியதில்லை. ஒரு தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து, தகுதியுள்ள ஒருவரை ஒரு காலைப்பொழுது அழைத்தால் போதும். சிறுவர்களை விலக்கி நிறுத்துங்கள். சுழலும் விசிறி விரலை வெட்டும். மின்கம்பியும் தென்னங்கீற்றும் பருந்தும் காகமும் கருவிக்குப் பகை. பலத்த காற்றில் பறக்கவிடவே வேண்டாம். எடுத்த படங்களில் நாளைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். சென்ற ஆண்டு மயிரிழையாக இருந்த விரிசல் இவ்வாண்டு விரல் நுழையும் அளவாயிற்றா என்பதை நினைவால் அறிய முடியாது, படம் சொல்லும்.

பழுது நீக்க ஆளை அழைத்தால், ஷீட்டின்மேல் நேரே கால் வைக்க விடாதீர்கள். அடியிலுள்ள சட்டங்களின்மேல் தாங்கும்படி நீண்ட பலகை இடச் சொல்லுங்கள். மழை ஈரத்தில் ஏறச் சொல்லாதீர்கள். கூலி கொடுக்கிறோம் என்பதால் அவருடைய உயிர் நம் பொறுப்பன்று என்று ஆகிவிடாது.

முன்னே கூறிய அந்தக் குடும்பத்தைச் சென்ற புரட்டாசியில் மீண்டும் சந்தித்தேன். படுக்கையில் இருப்பவரின் தங்கை மகன் சிறிய ட்ரோன் ஒன்றைக் கொண்டுவந்து கூரையைப் படமெடுத்திருந்தான். கைப்பேசித் திரையை மாமாவின் முகத்தருகே பிடித்துக் காட்டினான். அவர் வெகுநேரம் உற்றுநோக்கினார். "முகட்டிலிருந்து மூன்றாவது வரிசை, இடப்பக்கம் அந்த ஓடு நகர்ந்திருக்கிறது. கொத்தனாரிடம் சொல், பலகை போட்டு ஏறட்டும்" என்றார். அருகில் நின்ற அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அன்பர்களே, இவ்வாண்டு முதல் மழைக்கு முன் உங்கள் கூரையைப் பாருங்கள். ஆனால் பார்ப்பதற்காக மட்டும் எவரையும் மேலே ஏற்றாதீர்கள்.